விறகடுக்கிலிருந்து வந்த நீல வண்டுகள்

ஜூலை 18

மதிப்பிற்குரிய சம்பந்தி, காப்புக்காட்டுத் தலைமைக் காவலர் இலாரியோன் அவர்களுக்கு,

இயேசு கிறிஸ்துவுக்கு மகிமை. இங்கு நானும் என் மனைவி ஹாஃபியாவும் இரண்டு பன்றிகளும் நலம். தாங்களும் தங்கள் முழங்காலும் நலமாக இருக்க மன்றாடுகிறேன். என் மானம் மட்டும்தான் நலமில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

பெண் வீட்டார் வந்தால் நம் பக்கத்தில் மாப்பிள்ளையையா முதலில் பார்க்கிறார்கள்? வாசலில் கூரையடியில் அடுக்கியிருக்கும் விறகைத்தானே பார்க்கிறார்கள்! என் வீட்டில் இந்த வருடம் நோஞ்சான் கட்டை நாலு. "இதப் பாத்தா பொண்ணு குடுப்பாங்களா? குளிர்ல விறைச்சுச் சாகவா அனுப்புவாங்க?" என்று ஹாஃபியா பிடுங்கியெடுத்தாள். குதிரை வண்டியைப் பூட்டிக்கொண்டு போனேன். எங்கே? தங்கள் காட்டுக்குள்தான். கோடாரியே படாத அந்தக் காட்டில் விழுந்து காய்ந்து கிடந்த ஒரு கிழட்டு பீச் மரத்தை, செத்ததுதானே, யாருக்கு என்ன நஷ்டம் என்று அறுத்து வந்துவிட்டேன்.

தாங்கள் வந்தீர்கள். என் பையனைவிட விறகை அதிகம் பாராட்டினீர்கள். வாசல் மேசையில் பிரோஹிக் கொழுக்கட்டைத் தட்டு வந்தது. கூடவே விறகடுக்கிலிருந்து கறுப்புப் புள்ளியும் நீள மீசையுமாக ஒரு நீல வண்டு வந்து தங்கள் மனைவியின் தோளில் உட்கார்ந்தது. அடுத்தது புளிப்புப் பாலாடையில் விழுந்தது. ஏழாவது வந்தபோது தாங்கள் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டீர்கள்.

"சம்பந்தி, இது செத்த பீச் மரத்துக்குள்ள மூணு வருஷம் புழுவா இருந்துட்டுத்தான் வெளிய வரும். எங்க காட்டுல தலை எண்ணிக் காப்பாத்தறோம். விழுந்த மரத்தை ஏன் தொடக்கூடாதுங்கறோம்? வண்டு, காளான், மரங்கொத்தி, புது மரக்கன்னு, அத்தனைக்கும் அதுதான் சோறு. இந்த விறகு எங்கேருந்து வந்துச்சு?"

என் நாக்கு அழுகிப் போக! "பக்கத்து வீட்டு ஃபெடோர் குடுத்தான்" என்று சொல்லிவிட்டேன். தங்களிடம் வேலை பார்க்கிறவன் என்பதால் அவன் பெயர்தான் முதலில் வாயில் வந்தது.

மறுநாளே அவனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டீர்கள். இருபத்தாறு வருடமாக அந்தக் காட்டுப் பாதைகளைப் பார்த்துக்கொண்டவன். வழியில் மரம் விழுந்தால் மரத்தைத் தொடாமல் பாதையைத் திருப்பிவிடுகிறவன். வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றான்.

"ஏன்டா மெட்டோட், நான் எப்படா உனக்கு விறகு குடுத்தேன்?"

"உண்மையச் சொன்னா கல்யாணம் நின்னுடும்டா..."

"என் பேரு போனா பரவால்லையா?" நாலடி திரும்பி நடந்தான். பிறகு, "சரி, தொலை. பையன் கல்யாணம் முடியற வரைக்கும் வாயத் திறக்கமாட்டேன். அப்புறம் நீயே போய்ச் சொல்லிடு" என்றான்.

வெட்கமாக இருக்கிறது சம்பந்தி. அவன் திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். கல்யாணம் வரை அவன் பொறுக்கலாம், என்னால் ஒரு நாள்கூட முடியாது. மரத்தை அறுத்தவன் நான். நிச்சயத்தை முறித்தாலும் சரி, ஃபெடோரை நாளைக்கே வேலைக்குக் கூப்பிடுங்கள். விறகில் ஒரு துண்டைக்கூட எரிக்கமாட்டேன். மிச்சப் புழுக்கள் உள்ளே இருக்கின்றன. காட்டுக்கே கொண்டுவந்து போடுகிறேன்.

ஆண்டவர் தங்கள் வீட்டையும் காட்டையும் என்னைப் போன்றவர்களிடமிருந்து காப்பாராக.

தலைகுனிந்து,
மெட்டோட்

பி.கு.: ஆகஸ்ட் 25. இதை இன்றுதான் தபாலில் போடுகிறேன். ஐந்து வாரமாக என் கோயில் கோட்டுப் பையிலேயே இருந்தது. நேற்றுக் கல்யாணத்துக்கும் அதே கோட்டுதான். விருந்துக்கு ஹாஃபியா எரித்தது அந்த விறகைத்தான்; சூப் பிரமாதம் என்றீர்கள். ஃபெடோர் வந்து தங்களுடன் குலுக்கக் கையை நீட்டினான். தாங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். தங்கள் கோப்பையை நிரப்பிக்கொண்டிருந்தேன்.