மத்தியானத்தில் பேசிய பைப்

தர்ஷி, கவின், இரண்டு பேரும் கேளுங்கள். அப்பா பேய்க்குப் பயப்படாதவர் என்று அம்மா ஊரெல்லாம் சொல்லித் திரிகிறா. பொய். நான் ஒருமுறை பேயோடு பேசியிருக்கிறேன். என்னைவிடப் பேய்தான் கூடப் பயந்தது. கண்டவர்கள் எல்லாம் அந்தக் கதையைத் திரித்துவிட்டார்கள். அதனால் நானே எழுதி வைக்கிறேன்.

சண்டை முடிந்து சில வருடங்கள் இருக்கும். வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையில், பழுகாமத்துக்கும் அங்காலே, வெயிலில் மின்சாரம் எடுக்க ஒரு பெரிய வெளியைத் துப்புரவாக்கினார்கள். நான் அங்கே கூலிக்குப் போனேன். ஒரு மாதம் ஒழுங்காக நின்றால் வேலை நிரந்தரம் என்றார் சுப்பவைசர். (எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு 'நிரந்தரம்' என்ற சொல்லைக் கேட்டாலே நெஞ்சு நிமிரும்.)

பனல் என்ற கறுத்த கண்ணாடித் தகட்டைக் கொண்டுவந்து கருவாடு மாதிரிக் காயப்போடுவதுதான் வேலை என்று நினைக்காதீர்கள். முதலில் பற்றை வெட்ட வேண்டும். கண்ணிவெடி இல்லை என்று கடிதம் வந்த பிறகுதான் அதுவும். பிறகு கயிறு பிடித்து இரும்புத் தூண் அடித்து, அதன்மேல் சட்டம் பூட்டி, சட்டத்தின்மேல் பனலை வைப்பார்கள். மண்ணுக்குக் கீழே நீளமாகப் பைப் புதைத்து, அதற்குள்ளால் வயர் இழுப்பார்கள். பைப் புதைப்பது என் வேலை.

அங்கே மத்தியானம்தான் கெட்ட நேரம். காகம்கூட இறங்காது. வரிசை வரிசையாகக் கறுத்த கண்ணாடி. அதற்குள் மேகம் சத்தமில்லாமல் நகரும். சூட்டுக்குச் சட்டங்கள் தாங்களாகவே 'டிக், டிக்' என்னும். பின்னால் யாரோ விரல் சொடுக்குவது போல இருக்கும். திரும்பினால் ஒருவரும் இல்லை.

அந்தப் பக்கம் மாடு தேடிப் போன இடத்தில்தான் உங்கள் சித்தப்பா சுதன் சண்டைக் காலத்தில் காணாமல் போனான். பிறகு வந்த சுனாமி வீட்டோடு அவன் படத்தையும் கொண்டுபோனது. அவன் முகம் எனக்கு மங்கிக்கொண்டே வந்தது. குரல் மட்டும் ஞாபகம் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

அன்று எல்லோரும் சாப்பிடப் போய்விட்டார்கள். மறுநாள் வயர் இழுக்க வேண்டும். பைப்புக்குள் மண் போயிருக்கிறதா என்று பார்க்கக் குனிந்தேன். உள்ளே ஒரு முனகல். வேறு ஊர்க்காரன் என்றால் ஓடியிருப்பான். துடுப்பை வாவிக்குள் விட்டு, மற்ற நுனியில் காதை வைத்து மீன் பாடுவதைக் கேட்டு வளர்ந்தவன் நான். தரையில் படுத்துப் பைப்பில் காதை வைத்தேன்.

"இஞ்சதான் கிடக்கிறன்... ஒரு ஆளும் தேடி வரல்ல... தொண்ட காஞ்சு போச்சு."

ஆண் குரல். என் காதுக்குள்ளேயே வாயை வைத்துப் பேசுவது போல.

"மறுகா, வேறென்ன... மீன் பொரிச்சயா?"

கொஞ்சம் புத்தியுள்ளவன் இந்த இடத்தில் யோசித்திருப்பான். மண்ணுக்குள் கிடப்பவனுக்கு எதற்கு மீன் பொரியல்? நான் யோசிக்கவில்லை. சுதனுக்கு மீன் பொரியல் என்றால் உயிர்.

"தம்பி," என்றேன் பைப்புக்குள்.

பேச்சு நின்றது. சட்டங்கள் மட்டும் சொடுக்கின.

"யா... யாரு?"

"நான்தான்டா, அண்ணன். இப்பத் தோண்டி எடுக்கிறன். அசையாமக் கிட!"

மண்ணுக்குள்ளிருந்து ஓர் அலறல் வந்தது. பிறகு ஒன்றுமில்லை.

நான் மண்வெட்டியை எடுத்தேன். ஒரு வாரமாகப் பார்த்துப் பார்த்துப் புதைத்த பைப்பைக் கால்மணி நேரத்தில் கொத்தித் தள்ளினேன். கண்ணில் வியர்வையா கண்ணீரா தெரியவில்லை. ஆட்கள் ஓடிவந்தபோது நான் இடுப்பளவு குழிக்குள் நின்றேன்.

முன்னால் நின்றவன் என்னோடு கூலிக்கு வந்த ஏறாவூர் நவாஸ். காலில் செருப்பில்லை. பத்து வரிசை தள்ளி, பனல் நிழலில், அதே பைப்பின் மற்ற வாயருகே தலையை வைத்துப் படுத்துக்கொண்டு மனைவியோடு போனில் பேசியவன் அவன்தான்.

"அல்லாஹ்வே! மண்ணுக்குள்ள இருந்து ஒருத்தன் என்னத் தோண்டப்போறன் எண்டான் கா! அசையாமக் கிடக்கட்டாம்!"

"பைப் எண்டு நினைச்சியா, கரும்பு எண்டு நினைச்சியா?" என்று கத்தினார் சுப்பவைசர். "ஆர்ர உத்தரவில வெட்டின நீ?"

"தம்பிய எடுக்கிறன், சேர்," என்றேன்.

சிரித்தவர்கள் நிறுத்தினார்கள். நவாஸ் குழிக்குள் இறங்கி, மண்வெட்டியை என் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டான்.

நிரந்தரம் போனது. உடைத்ததைத் திருப்பிப் புதைத்துவிட்டுப் போ என்றார் சுப்பவைசர். நவாஸும் கூட நின்று புதைத்தான். அதனால்தான் இன்றும் நோன்புப் பெருநாளுக்கு வட்டிலப்பத்தோடு வரும்போது, வாசல் கேட்டடியில் நின்றே, "அண்ணன், தோண்டாதீங்க, நானே வாறன்!" என்று கத்துகிறான். நீங்கள் உருண்டு உருண்டு சிரிக்கிறீர்கள். நானும்தான் சிரிக்கிறேன்.

ஒன்றை மட்டும் நவாஸிடமும் சொல்லவில்லை. கடைசி நாள், புதுப் பைப்புக்கு மூடி போட வேண்டியிருந்தது. நவாஸைச் சாப்பிட அனுப்பினேன். மற்ற வாய்க்கு நடந்து போய், அங்கே ஒருவரும் இல்லை என்று பார்த்து, அதை மூடிவிட்டு வந்தேன். பிறகு என் பக்கத்து வாயருகே முழங்காலிட்டு, "சுதன்" என்று ஒருமுறை சொன்னேன்.

பதில் வர நேரம் கொடுக்காமல் மூடியை இறுக்கினேன்.