உள்ளேயே மருந்து இருக்கிறவர்

இதயக் குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் என்ற வலைக்கம்பி வைத்துக்கொண்டவர்களில் ஓர் இனம் உண்டு. "எப்படி இருக்கீங்க?" என்று பேச்சுக்குக் கேட்டுவிட்டீர்களா, தீர்ந்தது. செல்போனை எடுத்து, ஆஞ்சியோ வீடியோவை ஓட்டி, அடைப்பு இருந்த இடத்தில் விரலை வைத்து, "சாதா கம்பி இல்ல, மருந்து பூசுனது, இனி அடைக்கவே அடைக்காது" என்று அவர் முடிப்பதற்குள் உங்கள் பஸ் போய்விடும்.

மதுரையில் மிஷன் பள்ளிக்கூட கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற ஞானசீலன் இந்த இனத்தின் தலைவர். ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்ல எழுந்தால் கர்த்தருக்கு இரண்டு நிமிடம், ஸ்டென்டுக்குப் பத்து நிமிடம். சிம்மக்கல் மளிகைக் கடை முத்துக்குமரனுக்கு ஸ்டென்ட் வைத்ததாகக் கேள்விப்பட்டு ஆரஞ்சுப் பழத்தோடு போனார்.

"மருந்து பூசுனதுதானே மாப்ள?"

"தெரியலையேண்ணே."

"சரி விடு, நல்லதே நினைப்போம்."

முத்துக்குமரனுக்கு அன்றெல்லாம் சோறு இறங்கவில்லை.

தனக்கு ஸ்டென்ட் வைத்த நாலாம் மாதம் ஞானசீலன் டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தினார்.

"டாக்டர் ஒரு வருசம் சாப்பிடணும்னாங்களே" என்றாள் மனைவி ஹெப்சிபா.

"உள்ளயே மருந்து பூசியிருக்கு. ஒரே லெட்டரை யாராவது ஃபைல்ல ரெண்டு தடவை கோர்ப்பாங்களா?"

கிளார்க் மூளை. ஹெப்சிபா விடவில்லை. தினமும் மாத்திரையையும் தண்ணீரையும் முன்னால் வைத்தாள். அவர் தண்ணீரை மட்டும் குடித்தார்.

மூன்று வாரம் கழித்து, ஸ்டென்டின் பலத்தை நிரூபிக்கச் சபைக்காரர்களைக் கீழக்குயில்குடிக்குக் கூட்டிப்போய்ச் சமணர் மலை ஏறினார். பாதிப் படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கூடப் போயிருந்த ஹெப்சிபா அழுதபடியே ஆம்புலன்ஸில் ஏறினாள்.

ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்திருந்தது. நேரத்தோடு கொண்டுபோனதால் பிழைத்தார்.

டாக்டர் பவதாரிணி பொறுமையாகத்தான் சொன்னார். "ஐயா, அந்தப் பூச்சு சில மாசத்துல கரைஞ்சிரும். உள்ள சதை வளந்து குழாய் மறுபடி சுருங்காம பாத்துக்கிறது அதோட வேலை. ரத்தம் உறையாம பாத்துக்கிறது மாத்திரையோட வேலை."

"அப்ப இனி அடைக்காதுன்னு சொன்னது?"

"ரொம்பப் பேருக்குப் பல வருசம் அடைக்காது. எல்லாருக்கும்னு யாரு சொன்னா?"

யார் சொன்னது? இவர்தான், பத்து நிமிடம், வாராவாரம்.

அடுத்த மாதம் சாட்சி சொல்ல மறுபடி எழுந்தார். "ஸ்டென்ட் வச்சவங்க மாத்திரையை நிறுத்தக் கூடாது. படிச்சவங்களுக்கே இது தெரிய மாட்டேங்குது" என்று வருத்தப்பட்டார். பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த ஹெப்சிபா அவரையே பார்த்தாள். ஆள் நிற்கிறாரே, அது போதும் அவளுக்கு.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். "பிரஷர் நார்மல் ஆயிருச்சு" என்று போன மாதம் நீங்களாகவே ஒரு மாத்திரையை நிறுத்தினீர்களே, அதை உங்கள் டாக்டரிடம் சொல்லிவிட்டீர்களா?