காதர் பாய் குணப்படுத்திய கைகள்

டாக்டர்கள் தப்பு செய்வார்களா என்று யாராவது கேட்டால், மற்றவர்களைப் பற்றி எனக்குத் தெரியாது என்று நழுவிவிடுவேன். என்னைப் பற்றி நன்றாகவே தெரியும்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருடங்களில் புதுவாயலில் ஒரு சின்ன கிளினிக் வைத்திருந்தேன். வயது இருபத்தெட்டு. மருந்து மாத்திரையை விட இமெயிலின் மேல்தான் எனக்கு நம்பிக்கை அதிகம். அப்போது சென்னையில் என் பழைய பேராசிரியர் ஒரு புது ஏற்பாட்டைத் தொடங்கியிருந்தார். எங்களைப் போன்றவர்கள் நோயாளியின் விவரத்தை எழுதி, போட்டோவும் சேர்த்து இமெயில் அனுப்பினால், தோல் நிபுணரான அவர் பார்த்துப் பதில் போடுவார். நோயாளி ரயிலேறி சென்னை போக வேண்டாம், வேலைக்கு லீவு போட வேண்டாம். கேட்டதுமே, "முதல் கேஸ் என்னோடதுதான் சார்" என்று கையைத் தூக்கிவிட்டேன். (கல்லூரியிலும் இப்படித்தான். கேள்வி முடிவதற்குள் கை தூக்கிவிடுவேன். பதில் தெரிந்திருக்காது.)

அப்படி முதல் கேஸாக மாட்டியவர் ஏழுமலை. கும்மிடிப்பூண்டியில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் டிரம் கழுவுகிற வேலை. இரண்டு கைகளும் சிவந்து தடித்து, விரலிடுக்குகள் வெடித்து நீர் கசிந்தது. நான் இரண்டு மாதமாக ஆயின்மென்ட் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவர் இரண்டு மாதமாக டிரம் கழுவிக்கொண்டிருந்தார். எப்படி ஆறும்?

"காண்ட்ராக்டரு கறாரா சொல்லிட்டாரும்மா," என்றார் ஏழுமலை. "பெரிய டாக்டராண்ட லெட்டர் வாங்கினு வந்தா வேற செக்‌ஷன்ல போடறாராம். வர்ற திங்கக்கெழம வரைக்கும்தான் டைமு. இல்லாங்காட்டி ஊட்டுக்குப் போய்டுன்றாரு. ரெண்டு பசங்க படிக்குதுங்கம்மா."

"நீங்க எங்கயும் போக வேண்டாம் ஏழுமலை. உங்க கையை மட்டும் மெட்ராஸுக்கு அனுப்பினா போதும்," என்றேன் பெருமையாக. அவர் கையைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

எங்கள் ஜங்ஷனில் டிஜிட்டல் கேமரா வைத்திருந்தவர் ஒரே ஆள், ஸ்டுடியோ காதர் பாய். பூர்வீகம் பழவேற்காடு. அவர் போட்டோ எடுத்த பெண்ணுக்கு வரன் தட்டிப்போனதே இல்லை என்று சுற்றுவட்டாரத்தில் பேர். கிளினிக்குக்கே வந்து, நீலத்துணி விரித்து அதன் மேல் ஏழுமலையின் கைகளை வைத்து நாலு படம் எடுத்தார். மறுநாள் காலை சி.டி.யை நீட்டியபோது, "ஸ்பெஷலா பண்ணிக்கீறேன் டாக்டரம்மா," என்றார். என்ன ஸ்பெஷல் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

பக்கத்து பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, அந்தக் கைகளின் ஒவ்வொரு வெடிப்பையும் இரண்டு பக்கத்துக்கு இங்கிலீஷில் வர்ணித்தேன். ஒரு போட்டோ ஏறி முடிவதற்குள் டீ குடித்துவிட்டு வரலாம், அவ்வளவு வேகமான நெட். இதில் போட்டோவைத் திறந்து வேறு பார்க்க வேண்டுமா, கை கைதானே என்று அனுப்பிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பதில் வந்திருந்தது. ஏழுமலையையும் காதர் பாயையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, பிரவுசிங் சென்டர் முழுக்கக் கேட்கும்படி ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன்.

"'உன் கடிதத்தைப் படித்துப் பதறிப்போனேன்.'"

"கேட்டீங்களா பாய்," என்று ஏழுமலை தலையாட்டினார்.

"'படங்களைப் பார்த்ததும் நிம்மதியானேன். இவ்வளவு...'" என் குரல் உள்ளே போனது. "'இவ்வளவு அழகான கைகளை என் சர்வீஸில் பார்த்ததில்லை. நோயாளிக்கு எந்த வைத்தியமும் தேவையில்லை. உனக்குத்தான் தேவை. நல்ல கண் டாக்டர் ஒருவரின் முகவரியைக் கீழே கொடுத்திருக்கிறேன்.'"

முதல் கேஸ் என்பதால் அந்த ஏற்பாட்டில் இருந்த எல்லா டாக்டர்களுக்கும் இதே பதில் ஒரு காப்பி போயிருந்தது.

அவசரமாக சி.டி.யைப் போட்டுத் திறந்தேன். திரையில் இரண்டு கைகள். ஒரு வெடிப்பு இல்லை, ஒரு சிவப்பு இல்லை. நிறம்கூட இரண்டு படி வெளுத்திருந்தது. நகங்களில் லேசாக ரோஸ்.

"பாய், இன்னா இது?" கோபத்தில் எனக்கும் அந்த ஊர்ப் பேச்சே வந்துவிட்டது.

"ராத்திரி பூரா கம்ப்யூட்டர்ல ஒக்காந்து ஒவ்வொரு வெடிப்பா மூடுனேம்மா," என்றார் பாய் அப்பாவியாக. "மெட்ராஸ்ல பெரிய மனுஷரு பாக்கற போட்டோ. அசிங்கமா போனா என் ஸ்டுடியோ பேரு இன்னாவறது? நீங்க ரெண்டு மாசமா மருந்து போட்டுக்கினு கீறீங்க. நான் ஒரே ராத்திரில சரி பண்ணேன். என்னைப் போயி கோச்சிக்கிறீங்க."

பழைய படம் எங்கே என்று கேட்டால், ஒரு வளைகாப்பை எடுக்க கேமராவில் இடம் வேண்டுமென்று அழித்துவிட்டாராம்.

கடையில் எல்லோரும் சிரித்தார்கள். ஏழுமலை சிரிக்கவில்லை. "அப்ப லெட்டர் வராதாம்மா?" என்றார். எனக்கு அவமானமாக இருந்தது. படித்த திமிரில் அவருடைய வேலையை வைத்து விளையாடிவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் கிளினிக்கை மூடிவிட்டு, அவரைக் கூட்டிக்கொண்டு கும்மிடிப்பூண்டியில் ரயிலேறினேன். எந்த ரயிலை மிச்சப்படுத்த இவ்வளவும் செய்தேனோ, அதே ரயில். இப்போது ஒருவருக்குப் பதில் இரண்டு பேர் லீவு.

பேராசிரியர் ஏழுமலையின் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தார்.

"நீ எழுதினதுல ஒரு வரிகூட தப்பில்ல," என்றார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. கெமிக்கலால் வந்த ஒவ்வாமை, உடனே வேறு பிரிவுக்கு மாற்ற வேண்டும் என்று லெட்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஏழுமலை அதை இரண்டு கைகளாலும் வாங்கி, சட்டைக்குள் வைத்துக்கொண்டு வெளியே போனார்.

நானும் கிளம்பினேன். "இரும்மா," என்றார் பேராசிரியர். கதவு மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அந்த ஸ்டுடியோக்காரர் போன் நம்பர் இருக்கா? என் பொண்ணுக்கு வரன் பாக்கறோம். முகமெல்லாம் பரு. நானும் எல்லா மருந்தும் குடுத்துப் பாத்துட்டேன்."

ஏழுமலையை டிஸ்பாட்ச் செக்‌ஷனுக்கு மாற்றினார்கள். நாலு மாதம் கழித்து ஒரு நாள் கிளினிக்குக்கு வந்தார். பாயிடம் கேட்டு வாங்கிய அந்தப் போட்டோவை மேஜையில் வைத்து, பக்கத்தில் தன் கைகளை விரித்தார். வெடிப்பு எதுவும் இல்லை. ரோஸ் நகத்தைத் தவிர எல்லாம் அப்படியே பொருந்தியது.

"பாரும்மா," என்றார். "பாய் அன்னிக்கே கரெக்டா எடுத்துக்கீறாரு. உனக்குத்தான் லேட்டாய்ச்சி."

இதை வீட்டில் போய்ச் சொன்னது என் இரண்டாவது தப்பு. இன்றைக்கும் சாம்பார் கொதிக்கக் கொஞ்சம் தாமதமானால் போதும், என் கணவர் கூடத்திலிருந்து குரல் கொடுப்பார்: "பாயா இருந்தா இந்நேரம் கொதிக்கவச்சி போட்டோவே எடுத்திருப்பாரு!"