மோடத்துக்கு வாய்ப்பூட்டு

இனிமேல் இந்த வீட்டு டெலிபோன் லைன் தனக்குத்தான் என்று ஸ்கேல்காரர் முடிவு கட்டியது காலையில் பல் துலக்கும்போது. பெரிய முடிவுகளை எல்லாம் அவர் அப்போதுதான் எடுப்பார். மனைவி குறுக்கே ஏதாவது கேட்டாலும், வாயில் நுரை இருக்கிறது என்று சைகை காட்டித் தப்பித்துக்கொள்ளலாம் பாருங்கள், அதனால்.

ஸ்கேல்காரர் என்பது தெருவில் வைத்த பெயர். கட்டிடங்களுக்குப் படம் வரைகிற தொழில். நடந்தால் முதுகு வளையாது. அதெல்லாம் வாசல்படி வரைக்கும்தான். உள்ளே வந்துவிட்டால் எங்கே வேண்டுமானாலும் வளையும்.

சங்கதி இதுதான். கம்ப்யூட்டரில் வரைந்த படத்தை, மோடம் என்கிற சின்னப் பெட்டி வழியாக, டெலிபோன் கம்பியிலேயே இஞ்சினியர் ஆபீசுக்கு அனுப்புவார். படம் போய்க்கொண்டிருக்கும்போது வீட்டில் யாராவது ரிசீவரைத் தூக்கினால் போச்சு. பாதியில் அறுந்துவிடும். தூக்குகிறது யார்? வேறு யார், மனைவிதான். அவளுடைய அக்கா வெளியூரில் கால் முறிந்து மாவுக்கட்டோடு படுத்திருந்தாள். கட்டு காலுக்குத்தான், வாய்க்கு இல்லை. மத்தியானம் மூன்று மணிக்கு அக்கா கூப்பிட்டால், தெருவிளக்கு எரிகிற வரைக்கும் பேச்சு ஓடும்.

நேற்று ஒரு பள்ளிக்கூடத்தின் படம் அறுந்து அறுந்து, கடைசியில் மாடிப்படி வரைக்கும்தான் போய்ச் சேர்ந்தது.

"பிள்ளைங்க படியேறி எங்க சார் போகும்? ஆகாசத்துக்கா?" என்று கேட்டார் இஞ்சினியர். "நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள முழுப் படமும் வரணும். இல்லைன்னா நான் வேற ஆளைப் பார்த்துக்கறேன்."

அந்த இஞ்சினியரை விட்டால் ஸ்கேல்காரருக்கு வேறு பிழைப்பு கிடையாது.

மனைவியிடம் நேராகச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். கல்யாணமான புதிதில் ஒரு விஷயத்தை நேராகச் சொல்லிப் பார்த்தார். அதோடு அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டார்.

ஆனால் மோடத்திடம் நேராகச் சொல்லலாம். அதற்கு எழுத்திலேயே உத்தரவு போடலாம். 'ஏ, டி' என்று ஆரம்பித்து இன்னும் ரெண்டு மூன்று எழுத்தைச் சேர்த்து அடித்தால் சொன்னபடி கேட்கும். கேட்டுவிட்டு, திரையில் 'ஓகே' என்று பதிலும் எழுதும். எந்த வேலைக்கு எந்த எழுத்து என்பதெல்லாம் பெட்டியோடு வந்த கையேட்டில் இருந்தது. பொடி எழுத்து. கண்ணாடி போட்டுப் பார்த்தாலும் எறும்பு வரிசைதான்.

"இந்தா, இங்க வா. இதைக் கொஞ்சம் படி."

"அடுப்புல வேலை கிடக்கு."

"ரெண்டே நிமிஷம். எழுத்தை மட்டும் படிச்சாப் போதும். அர்த்தமெல்லாம் படிக்காதே, அது எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சவங்களுக்கு எதுக்குப் புஸ்தகம்?"

"படிம்மா!"

ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். "ஏ, டி" என்றாள். அவர் அடித்தார். கீழே 'ஓகே' என்று வந்தது.

"பார்த்தியா! வாயைத் திறந்தேன், ஓகேங்குது. இந்த வீட்ல என் பேச்சுக்கு ஓகே சொன்ன முதல் ஆள் இதுதான்."

"ஆள் இல்லீங்க. டப்பா."

"டப்பாவுக்கு இருக்கிற பணிவு சில பேருக்கு இல்லையே."

"டப்பாவுக்கு ஊறவச்ச துணி இல்லை, உலை வைக்கிற வேலை இல்லை. பணியாம என்ன செய்யும்? அடுத்தது என்ன?"

"நான் அடிக்கிற எழுத்தையெல்லாம் அதுவும் திருப்பிக் காட்டுது பாரு. சொன்னதையே திருப்பிச் சொன்னா எனக்குப் பிடிக்காது."

"சொன்னதையே திருப்பிச் சொல்ற ஒருத்தரோட நான் குடும்பம் நடத்தலையா?"

"அதை நிறுத்த என்ன போட்டிருக்கு?"

"ஏ, டி, இ, பூஜ்யம்."

அடித்தார். அதற்கப்புறம் அவர் அடிக்கிற எழுத்து திரையில் தெரியவில்லை. 'ஓகே' மட்டும் தெரிந்தது. ஸ்கேல்காரருக்குத் தலையில் கிரீடம் ஏறிய மாதிரி இருந்தது. கண் காட்டினால் போதும், காரியம் நடக்கிறது!

"இப்ப, மணி அடிச்சா மோடமே எடுக்கிறதுக்கு ஒண்ணு இருக்கும், பாரு."

"ஏ, டி, எஸ், பூஜ்யம், சமம், ஒண்ணு."

படித்தவள் உடனே புத்தகத்தை மூடவில்லை. அதை அவர் எங்கே கவனித்தார்? விசைப்பலகையில் 'சமம்' எந்த மூலையில் இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சுதா? நான் போகட்டுமா?"

"போ, போ. புஸ்தகத்தை அங்கயே வச்சிடு."

ஆக, இனி மணி அடித்த மாத்திரத்தில் மோடம் எடுத்துவிடும். அக்கா காதில் கீச்சென்று ஒரு கூச்சல் விழும். அவளும் வைத்துவிடுவாள். லைன் காலி. எப்படி யோசனை?

மூன்று மணிக்கு டெலிபோன் அடித்தது. ஒரே மணிதான். மோடம் லபக்கென்று பிடித்துக்கொண்டு, வாலை மிதித்த பூனை மாதிரி கத்தியது. அக்கா வைத்துவிட்டு மறுபடி கூப்பிட்டாள். மறுபடி பூனை. அப்புறம் அமைதி.

"யாருங்க ஃபோன்ல?" என்றாள் மனைவி, சமையலறையில் இருந்தபடியே.

"ராங் நம்பர்."

"ராங் நம்பர் இப்படியா அலறும்?"

"அவங்க வீட்ல என்ன கஷ்டமோ!"

"பாவம்" என்றாள் அவள். "நீங்க போய் முகம் கழுவிட்டு வாங்க. டீ போடறேன்."

அவள் சண்டைக்கு வராமல் 'பாவம்' என்று சொன்னால் யாருக்கோ நேரம் சரியில்லை என்று அர்த்தம். அது யாருக்கு என்று ஸ்கேல்காரர் யோசித்திருக்க வேண்டும். பாட்டு முணுமுணுத்துக்கொண்டே முகம் கழுவப் போனார்.

திரும்பி வந்து, கடைசிக் கோட்டையும் இழுத்து முடித்து, படத்தை அனுப்ப உட்கார்ந்தார். 'ஏ, டி' என்று அடித்தார். திரையில் ஒன்றும் இல்லை. மறுபடி அடித்தார். ஊகூம். ஒவ்வொரு விசையாகக் குத்தினார். சுவரில் போய் முட்டிக்கொண்டதுதான் மிச்சம். திரை துடைத்துவிட்ட மாதிரி கிடந்தது.

"என்னங்க, சொன்ன பேச்சு கேக்கலையா?"

"காலைல கேட்டுதே!"

"காலைல புதுசு. இப்ப உங்ககூடப் பழகிடுச்சு."

"விளையாடாதே! மணி ஆகுது!"

"உயிர் இருக்கா பாருங்க."

"விளக்கெல்லாம் எரியுது! முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கு! பேசத்தான் மாட்டேங்குது!"

"கோவமா இருக்கும். நீங்க ஏதாவது சொல்லியிருப்பீங்க."

ஸ்கேல்காரர் பெட்டியைத் தட்டினார், தடவினார். ராசா, தங்கமே என்று கொஞ்சினார். பிறகு நாம் இங்கே எழுத முடியாத சிலதைச் சொன்னார். கடிகாரமோ ஓடிக்கொண்டிருந்தது.

"ஃபிளாப்பியில போட்டுக்கிட்டு நேர்ல போய்க் குடுத்துடுங்களேன்" என்றாள் மனைவி. "பஸ் வர்ற நேரம்தான்."

படத்தை ஃபிளாப்பியில் ஏற்றினார், சட்டைப் பையில் போட்டார், இடது செருப்பில் வலது காலை நுழைத்துக்கொண்டு ஓடினார். பஸ்ஸில் நிற்கத்தான் இடம் கிடைத்தது. ஒரு கையால் கம்பியையும் மறு கையால் சட்டைப் பையையும் பிடித்துக்கொண்டு, முன்னால் போகிற வண்டிகளை எல்லாம் மனதுக்குள் திட்டிக்கொண்டே போய்ச் சேர்ந்தார்.

இஞ்சினியர் மேஜை நிறையக் காகிதத்தை விரித்து வைத்துக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தார்.

"என்ன சார், வேர்த்து விறுவிறுத்து?"

"படம்... கொண்டு வந்துட்டேன்..."

"எந்தப் படம்? பள்ளிக்கூடமா? அது அப்பவே வந்துடுச்சே!" விரித்திருந்த காகிதத்தைத் தட்டிக் காட்டினார். "மொட்டைமாடித் தண்ணித்தொட்டி வரைக்கும் ஒரு கோடு குறையலை. உங்க வீட்டு அம்மாதான் கூப்பிட்டு, 'அனுப்பறேன், எடுத்துக்குங்க'ன்னாங்க. ஒரே மூச்சில வந்து இறங்கிடுச்சு. சார், ஒண்ணு சொன்னா தப்பா நினைக்கக் கூடாது. இனிமே அவங்களே அனுப்பட்டும். உங்க கைக்கு ராசியில்லை."

வீட்டுக்கு வந்தால், மனைவி டெலிபோனில் அக்காவோடு பேசிக்கொண்டிருந்தாள். உட்காருங்கள் என்று கையைக் காட்டினாள். உட்கார்ந்தார். அவள் பேசி முடிக்கிற வரைக்கும் உட்கார்ந்தே இருந்தார்.

"என்ன பண்ணினே அதை?"

"ஏ, டி, கியூ, ஒண்ணு."

"அப்படின்னா?"

"'வேலையைச் செய், பதில் பேசாதே'ன்னு அர்த்தம். திருப்பிச் சொல்றதை நீங்களே காலைல நிறுத்திட்டீங்க. நீங்க முகம் கழுவப் போனப்ப, பதில் சொல்றதை நான் நிறுத்தினேன். அப்புறம் எப்படிப் பேசும்? நீங்க திட்டினதையெல்லாம் வாயில்லா ஜீவன் கேட்டுக்கிட்டுத்தான் இருந்துது."

"அர்த்தம் படிக்காதேன்னு சொன்னேனா இல்லையா?"

"சத்தமாப் படிக்கலையே."

"அனுப்ப யாரு சொல்லிக் குடுத்தா உனக்கு?"

"தினம் நீங்க கத்திக்கிட்டே அனுப்பறதைப் பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன்? நீங்க பஸ்ஸுக்கு ஓடினதும், கத்தறதை விட்டுட்டுச் செஞ்சேன். போயிடுச்சு."

"லைன் வேணும்னா... நேரா எங்கிட்ட கேட்டிருக்கலாமில்ல?"

"நீங்க கேட்டீங்களா?"

ஸ்கேல்காரர் வாயைத் திறந்தார். நுரைகூட இல்லை, சாக்குச் சொல்ல.

"சரி, விடுங்க. இஞ்சினியர்கிட்ட எல்லாம் பேசிட்டேன்" என்று எழுந்தாள் அவள். "நாளைலேருந்து படம் மூணு மணிக்கு முன்னால என் கைக்கு வந்துடணும். அதுக்கு மேல அக்கா நேரம்."

அன்றிலிருந்து ஸ்கேல்காரருக்கு முதலாளிகள் ரெண்டு பேர். இஞ்சினியரிடமாவது கெஞ்சினால் கொஞ்சம் நேரம் கிடைக்கும்.