போகியன்று நான் செய்த அப்டேட்

திரையில் "புதிய பதிப்பு வந்துள்ளது" என்று ஒரு வரி தெரிந்தால், பெரும்பாலானோர் அதைப் பார்க்காததுபோல் போய்விடுவார்கள். நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் அவர்கள்தான். நான் புள்ளியியல் துறையில் ஓய்வு பெற்றவன். எனக்கு அந்த வரி பல்லிடுக்கில் சிக்கிய பாக்கு மாதிரி.

செங்கம் சாலைப் பக்கம், கிரிவலப் பாதையை ஒட்டி எங்களுக்கு எட்டு அறை கொண்ட சின்ன விடுதி இருக்கிறது. கீழே விருந்தினர்கள், மாடியில் நாங்கள். முன்பதிவுக்கான வெப்சைட்டை மருமகள் கவிதா உருவாக்கினாள். பதிவுகளெல்லாம் எங்கோ ஒரு சர்வரில் இருக்கும். அவற்றைப் பிரவுசரில் திறந்து பார்க்க ஒரு கருவியும் போட்டுக் கொடுத்திருந்தாள். தினமும் காலையில் அதைத் திறந்து வரிசைகளை எண்ணுவது என் வேலை (யாரும் எண்ணச் சொல்லவில்லை). அந்தக் கருவியில்தான் அந்த வரி வந்தது.

போகியன்று கவிதா புது அரிசியும் கரும்பும் வாங்கிவர கீழ்பென்னாத்தூரில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். மறுநாள் பொங்கலுக்கு எட்டு அறையும் பதிவாகியிருந்தன. புதிய பதிப்பை இறக்கினேன். அதை ஏற்றுவதற்கு முன் பழைய ஃபோல்டரை அடியோடு அழித்தேன். போகியன்று பழையதைக் கழித்த பிறகுதானே புதியதை உள்ளே கொண்டுவர வேண்டும்? இரண்டாயிரத்துச் சொச்சம் ஃபைல்கள். எண்ணிக்கை பார்த்துத்தான் அழித்தேன்.

புதியதைத் திறந்தேன். "சர்வருடன் இணைய முடியவில்லை" என்றது. பத்து முறை திறந்தேன். பத்து முறையும் அதே பதில். அப்போதுதான் உறைத்தது. எட்டுக் குடும்பங்களின் பதிவும் நான் அழித்ததில் போயிருக்கிறது! காலையில் எல்லாரும் பெட்டியோடு வாசலில் நிற்பார்கள். யாருக்கு எந்த அறை என்று எனக்குத் தெரியாது. கவிதாவின் போனோ கிடைக்கவில்லை.

நான் கலங்குகிறவன் அல்ல. வழி தெரிவதற்காக எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் லொகேஷன் அனுப்பியிருந்தேன். அந்த நம்பர்களுக்கு வரிசையாகப் போன் போட்டேன்.

"கம்ப்யூட்டர்ல உங்க புக்கிங் அழிஞ்சு போச்சுங்க. எந்த ரூம் எடுத்தீங்கன்னு கொஞ்சம் சொல்றீங்களா?"

"மலை தெரியிற ரூம் சார்," என்றார் சென்னைக்காரர், யோசிக்காமல்.

ஓசூர்க்கார அம்மா இன்னும் ஒரு படி மேலே போனார். "மலையப் பாத்த ரூம்தாங்க. நீங்களேதான சொன்னீங்க, படுத்துக்கிட்டே மலையப் பாக்கலாம்னு?"

நான் சொல்லவே இல்லை. ஆனால் மறுக்க ஆதாரம் இல்லை. இப்படி ஐந்து பேர். மலை தெரியும் அறைகள் எங்களிடம் இரண்டுதான். ஐந்து பேருக்கும் "ரெடியா இருக்கும், வாங்க" என்று சொல்லிவிட்டேன்.

மதியம் கவிதா கரும்போடு வந்து இறங்கினாள். விஷயத்தைச் சொன்னதும் கரும்பைக் கீழே போட்டாள்.

"யாரக் கேட்டு மாமா அழிச்சீங்க?"

"போகிம்மா..."

"நீங்க அழிச்சது வெறும் ஜன்னல் மாமா. ஜன்னலக் கழட்டிட்டா வீட்ல இருக்கிறவங்க காணாம போயிடுவாங்களா? பழைய ஃபோல்டர்ல இருந்து ஒரே ஒரு செட்டிங்ஸ் ஃபைல எடுத்துப் புதுசுல வெச்சிருந்தா முடிஞ்சுது."

அவளுடைய லேப்டாப்பில் அதற்கு நகல் இருந்தது. ஏற்றினாள். எட்டு வரிசைகளும் அலுங்காமல் வந்து நின்றன. மலை தெரியும் அறையைப் பதிவு செய்தவர்கள் இரண்டே பேர். ஓசூர்க்கார அம்மா அதில் இல்லை.

"காலையிலருந்து நம்ம வெப்சைட்டு 'ரூம் இல்ல'ன்னு காட்டுதே, அது எதப் பாத்து சொல்லுதுன்னு நெனச்சீங்க?"

அதை நானும் பார்த்தேன். பழக்கதோஷத்தில் சொல்கிறது என்று நினைத்தேன்.

"மூணு பேருக்கும் போன் பண்ணி இல்லன்னு சொல்லிடட்டுமா?" என்றேன்.

"பொங்கலுக்குக் கெளம்பி வரவங்க கிட்டயா? நல்லா இருக்குது," என்றாள் என் மனைவி சரோஜா.

மாடியில் எங்கள் ஹால், எங்கள் படுக்கையறை, கவிதாவின் அறை மூன்றும் மலையைப் பார்த்தவை. மூன்று குடும்பங்களையும் அங்கே ஏற்றிவிட்டு, அவர்கள் உண்மையில் பதிவு செய்திருந்த பின்பக்க அறைகளில் நாங்கள் பொங்கல் கொண்டாடினோம்.

அத்தோடு முடிந்திருக்கும். ஓசூர்க்கார அம்மா ஊருக்குப் போய், "ஓனர் தன் படுக்கையறையையே கொடுத்தார், அப்படி ஒரு காட்சி" என்று இணையத்தில் ஐந்து நட்சத்திரம் போட்டுவிட்டார். அதன் பிறகு போன் செய்கிறவர்களெல்லாம் ஓனர் படுக்கையறையைத்தான் கேட்கிறார்கள். கவிதா அதை வெப்சைட்டிலேயே ஏற்றிவிட்டாள். பௌர்ணமிக்கு முதலில் நிரம்புவது அதுதான்.

நானும் சரோஜாவும் பின்பக்க அறையிலேயே தங்கிவிட்டோம். பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி நன்றாகத் தெரியும். "நீங்க எங்கம்மா தங்கியிருக்கீங்க?" என்று விருந்தினர் யாராவது கேட்டால் சரோஜா சொல்வாள்:

"மேலதாங்க இருந்தோம். இவரு ஒரு அப்டேட் பண்ணாரு, கீழ வந்துட்டோம்."