புட்டிங்குக்குக் கற்பூரம்

'தெரியாது' என்ற நாலெழுத்துச் சொல்லைப் பிறந்தது முதல் வாயில் போட்டுப் பார்க்காத ஒரு ரக மனிதர்கள் உண்டு. உங்களுக்கும் அவர்களைத் தெரியும். மாம்பலம் ஸ்டேஷனில் நின்றுகொண்டு மானாமதுரைக்கு வழி கேட்டால் உடனே கையை நீட்டுவார்கள். காய்ச்சல் என்றால் கஷாயம் சொல்வார்கள். காய்ச்சல் இல்லை என்றாலும் சொல்வார்கள்.

இந்த இனத்தின் திலகம், லஸ் பக்கத்தில் வயது வந்தவர்களுக்குச் சாயங்கால வகுப்பில் ஆங்கிலம் கற்பித்த சந்திரமௌலி மாஸ்டர். பகலெல்லாம் ஆபீஸில் அவர் எல்லோரையும் 'சார்' என்று கூப்பிட்டார். சாயங்காலம் ஒரு மணி நேரம் மட்டுந்தான் அவரைப் பிறர் 'சார்' என்று கூப்பிட்டார்கள். அந்த ஒரு மணி நேரம் இல்லாவிட்டால் மனிதர் இளைத்துத் துரும்பாகியிருப்பார். ஆனால் வகுப்பை நடத்தி வந்த அடையாற்றுச் சீமாட்டி மிஸஸ் பார்லோவோ, கிறிஸ்மஸுக்கு முன்னால் வந்து பார்ப்பதாகவும், திருப்தி இல்லையென்றால் கதவைச் சாத்திவிடுவதாகவும் சொல்லியனுப்பியிருந்தார்.

மாஸ்டர் அசரவில்லை. பாடப் புத்தகத்தில் கிறிஸ்மஸ் விருந்து என்று ஒரு பாடம் இருந்தது. நாலே நாலு வரி, தீப்பற்றி எரியும் புட்டிங் என்ற இனிப்பு ஒன்றின் படம். போதாதா? வெங்காயம்கூட நுழையாத வீட்டில் வளர்ந்தவர், வான்கோழியைக் கண்ணை மூடிக்கொண்டு வர்ணித்தார். அதன் வயிற்றில் மசாலா அடைப்பார்களாம், கத்தரிக்காய்க்குப் பொடி அடைப்பதுபோல. விருந்தில் முதலில் வருவது புட்டிங் என்று அடித்துச் சொன்னார். இலையில் ஒரு துளி பாயசம் விழாமல் எந்த விருந்தாவது ஆரம்பிக்குமா? வெள்ளைக்காரனுக்கு மட்டும் தனி நாக்கா?

சாந்தோமில் மீன் வியாபாரம் செய்யும் மரியசெல்வம் எழுந்தார். "சார், நாங்களும் வருசா வருசம் கிறிஸ்மஸ் கொண்டாடிக்கினுதான் கீறோம். எங்கூட்ல எதையும் கொளுத்தறது கெடியாதே?"

"அது சாந்தோம் கிறிஸ்மஸ்பா. நான் சொல்றது லண்டன் கிறிஸ்மஸ்!"

மரியசெல்வம் உட்கார்ந்துவிட்டார். துணிக்கடை அப்துல் கஃபார் கேட்டார்: "இன்னாத்த வச்சு சார் கொளுத்தறது? மண்ணெண்ணெயா?"

புத்தகம் அதைச் சொல்லவில்லை. மாஸ்டர் ஒரு தடவை செருமினார்.

"மண்ணெண்ணெயாவது! சாப்பிடற வஸ்துவை மண்ணெண்ணெயை ஊத்தியா கொளுத்துவா? கற்பூரம்தான்!"

மிஸஸ் பார்லோ வந்தார். கஃபார் வீட்டிலிருந்து கிண்ணத்தில் வார்த்துக் கவிழ்த்த அல்வா ஒன்று, முந்திரியும் திராட்சையுமாக, தட்டில் ஏறி வந்தது. உச்சியில் கற்பூரம். "திஸ் இஸ் எ புட்டிங்! வீ பர்ன் தி புட்டிங்!" என்று வகுப்பு முழுவதும் ஒரே குரலில் முழங்க, மாஸ்டர் தீக்குச்சியைக் கிழித்தார். கற்பூரம் எரிந்தால் மயிலாப்பூர்க் கைகள் சும்மா இருக்குமா? மாஸ்டர் தம்மையறியாமல் சுடரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஓகோ, இதுவும் பாடம் போலிருக்கிறது என்று மாணவர்கள் வரிசையாக வந்து ஒற்றிக்கொண்டார்கள். மரியசெல்வம் தட்டைத் தூக்கிக்கொண்டு நேரே சீமாட்டியிடம் போய், "புட் யுவர் ஹேண்ட், மேடம்" என்று பணிவாக நீட்டினார்.

சீமாட்டி சுடரைப் பார்த்தார். மாஸ்டரைப் பார்த்தார். "இது எந்த ஊர் வழக்கம்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

ஐயோ பாவம், அந்த நாலெழுத்து வாழ்க்கையில் முதல் தடவையாக மாஸ்டருடைய தொண்டை வரைக்கும் வந்தது! ஆனால் எதிரே அத்தனை மாணவர்கள், அத்தனை பேரும் 'சார்' முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க, எப்படித் துப்புவது? விழுங்கிவிட்டார்.

"வட இங்கிலாந்தில், மேடம். மிகப் பழைய குடும்பங்களில் மட்டும்."

மிஸஸ் பார்லோ, இங்கிலாந்தின் பழக்கவழக்கங்களைப் பற்றிச் சென்னையில் ஒரு சபை பாக்கியில்லாமல் பிரசங்கம் செய்தவர். தமக்குத் தெரியாத வழக்கம் ஒன்று அங்கே இருக்கிறதென்று இத்தனை பேர் நடுவில் ஒப்புக்கொள்ள முடியுமா?

"ஓ, வடக்கேயா! ஆமாம், ஆமாம்!" என்றார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். சுடரைத் தொட்டு வெகு பக்தியாகக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "என் அத்தை வீட்டில் வருஷா வருஷம் செய்வோம். ஆனால் நாங்கள் இரண்டு கற்பூரம் வைப்போம்."

வகுப்பு பிழைத்தது. "பாத்தியா நைனா, சார் சொன்னது கரெக்டா கீது!" என்று கஃபார் மரியசெல்வத்தின் விலாவில் இடித்தார்.

நீங்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறீர்கள், ரொம்ப சந்தோஷம். அப்படியானால் நிஜப் புட்டிங்கை எதை ஊற்றிக் கொளுத்துகிறார்கள்? கொளுத்தினால் ஏன் அது கருகிப்போவதில்லை? யார் முதலில் ஆரம்பித்து வைத்த வழக்கம் அது? பக்கத்தில் இருப்பவர் உங்களைத்தான் கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடடா, அவர் கேட்டு முடிக்கட்டும் ஐயா, அதற்குள் வாயைத் திறந்துவிட்டீர்களே!