சுப்ராயனுக்கு வந்த உபத்திரவம்

மகள் இலக்கியாவின் நிச்சயதார்த்தம் முடிகிறவரைக்கும் பகலில் ஒரு சொட்டுத் தண்ணீர் குடிப்பதில்லை என்று சக்கரபாணி முடிவு கட்டினார். சித்திரை வெயிலில், மரக்காணம் உப்பளத்தின் நடுவில் நின்றுகொண்டு, அறுபதைத் தாண்டிய மனிதர் எடுக்கிற முடிவா இது என்று கேட்கலாம். உப்பளத்தைப் பார்த்தவர்கள் கேட்கமாட்டார்கள்.

உப்பளத்தில் மறைவு என்று ஒன்று கிடையாது. மரம் இல்லை, புதர் இல்லை, குட்டிச்சுவர்கூட இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் தட்டையாக வெள்ளை. பாத்தியோரம் ஒதுங்குவது பெருங்குற்றம். ஊரார் சோற்றில் விழப்போகிற உப்பு அது. ஆகவே அவசரம் என்றால் வரப்பு வரப்பாக நடந்து, ரோட்டோரத்து வேலிகாத்தான் முட்புதர் வரைக்கும் போகவேண்டும். போகிறவரை அளமே நின்று பார்க்கும்.

சக்கரபாணி போவார். முள்ளுக்குப் பின்னால் வெகுநேரம் நிற்பார். ஏதோ பேருக்கு வரும். திரும்புவார். பாதி வரப்பு வருவதற்குள் மறுபடியும் கூப்பிடும். உப்பு வாருகிற பெண்கள், "இன்னா மொதலாளி, வாக்கிங்கா?" என்று கேட்க ஆரம்பித்திருந்தார்கள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வார். நிச்சயதார்த்தம்தான் பெரிய கவலை. பெண்ணின் அப்பா சம்பந்திக்கு எதிரே ஜமுக்காளத்தில் உட்காரவேண்டும். ஐயர் பத்திரிகை எழுதி, வாசித்து, தட்டு மாற்றி முடிகிறவரை எழுந்திருக்கக் கூடாது. சம்பந்தி சிவப்பிரகாசமோ ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். தும்மல் வந்தாலும் மணி அடிக்கட்டும் என்று காத்திருக்கிற முகம். அவர் எதிரே, பாதி வாசிப்பில், வேட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து ஓடினால்? அந்த அவமானம் இலக்கியாவின் தலையில் அல்லவா விடியும்?

டாக்டரிடம் போகலாம். போனால் அறுக்கவேண்டும் என்பார்கள். அதற்கும் மேலே, வாயால் சொல்லக்கூடாத அந்த வியாதியாக இருந்துவிட்டால் என்ற பயம். பயத்தைவிடக் கூச்சம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் பெண்டாட்டியிடம் பல்வலியைச் சொல்லவே அவர் யோசித்த ஆள்.

தண்ணீர் விரதம் மறுநாள் உச்சிப்பொழுது வரைதான் தாங்கியது. கண் இருட்டியது, எரிச்சல் வேறு சேர்ந்துகொண்டது. சாயங்காலம் வீடு திரும்பும்போது சக்கரபாணி புது யோசனையோடு வந்தார். கருவாட்டுக்கு உப்பு வாங்குகிற கூட்டாளி சுப்ராயனின் தலையில் பாரத்தை இறக்கிவிடுவது.

"விருத்தாம்பா, நம்ம சுப்ராயன் பாவம்."

மனைவி விருத்தாம்பாள் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "ஏன், மீன் படலியா?"

"அது இல்ல. அவனுக்கு ஒண்ணுக்குப் போறதுல ஏதோ கஷ்டமாம்."

"அவரு பொண்ணு ஷாலினிதான் பாண்டில நர்ஸா இருக்குதே. அதுகிட்ட சொல்றதுக்கு இன்னா?"

"பெத்த பொண்ணுகிட்ட எப்படிச் சொல்லுவான்? நீ பொதுவா கேட்டுப் பாரேன். பேரு சொல்லாத."

"கேட்டா நாலு விஷயம் திருப்பிக் கேக்கும். அடிக்கடி வருதாமா?"

"போயிட்டு வந்த சூடு ஆறல, மறுபடியும் வருது."

"சட்டுனு வருதா, முக்கணுமா?"

"முக்கணும். வந்தாலும் விட்டு விட்டு. நூலு மாதிரி."

"போயி முடிச்சப்புறமும் பாக்கி இருக்கறாப்பல இருக்குதா?"

"அந்தக் கொடுமையை ஏன் கேக்கற. அதுவும் இந்த வெயில்ல, வரப்புல அந்த முள்ளு வரைக்கும் நடந்து போயிட்டு வர்றதுக்குள்ள உசுரு போவுது."

கத்தி ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடியும் நறுக்கத் தொடங்கியது.

"பாவந்தான் சுப்ராயண்ணன்" என்றாள் விருத்தாம்பாள்.

காலையில் பதில் தயாராக இருந்தது. "நேர்ல கூட்டிட்டு வரச் சொல்லுது ஷாலினி. அவரு தனியாப் போவ மாட்டாரு. நீங்கதான் கூடப் போவணும். திங்கக்கெழமை நானும் பொன்னம்மாளும் நிச்சயத்துக்குப் பொடவை எடுக்க பாண்டிக்கு வர்றோம். ஒரே பஸ்ஸு."

பொன்னம்மாள் சுப்ராயனின் மனைவி. சக்கரபாணிக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். டாக்டரிடம் சுப்ராயனுக்காகப் பேசுகிற மாதிரி தன் கஷ்டத்தைச் சொல்லி, சுப்ராயன் பேரில் மாத்திரை வாங்கி, தான் விழுங்கிவிடலாம். ஒரே ஒரு சிக்கல். கல்லுப்போல இருக்கிற சுப்ராயனை ஆஸ்பத்திரிக்கு எதைச் சொல்லிக் கூட்டிப் போவது?

கடலோரக் குப்பத்தில் சுப்ராயன் வலையைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏம்பா சுப்ராயா, திங்கக்கெழமை பாண்டி ஆஸ்பத்திரிக்கு..."

"வர்றேன்பா. எதுவும் சொல்லாத. கூட வர்றேன். தைரியமா இரு."

இப்படி ஒரு கூட்டாளியா என்று சக்கரபாணி பூரித்துப்போனார். தைரியத்தை அவன் ஏன் நமக்குச் சொல்கிறான் என்று யோசிக்க நேரமில்லை. அதற்குள் மறுபடியும் கூப்பிட்டது, ரோட்டோரத்து முள்ளோ தூரத்தில் இருந்தது.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரி பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். புடவைக் கடை இன்னும் திறக்கவில்லை என்று மனைவிமார் பின் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்கள். வெள்ளை உடுப்பில் ஷாலினி வந்தாள். கையில் இரண்டு தண்ணீர் பாட்டில்கள்.

"பெரியப்பா, இது ஒங்களுக்கு. அப்பா, இது ஒனக்கு. முழுசாக் குடிச்சிட்டு அடக்கி வெச்சிக்குங்க. ஸ்கேனுக்குப் பை நெறைஞ்சிருக்கணும்."

"எனக்கு எதுக்கும்மா? ஒங்கப்பனுக்குத்தானே" என்றார் சக்கரபாணி.

"எனக்கு எதுக்கு? அவனுக்குத்தானே" என்றார் சுப்ராயன்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பின் பெஞ்சிலிருந்து விருத்தாம்பாளின் குரல் மெதுவாக வந்தது.

"சுப்ராயண்ணன் கடலுக்குப் போறவரு. கடல்ல எந்த வரப்புல நடக்கறாருங்க?"

"ஒங்க ஊட்டுக்காரராவது தேவல" என்றாள் பொன்னம்மாள். "இவரு எங்கிட்ட சொல்றாரு, சக்கரபாணிக்கு ரொம்ப முடியலயாம், கடல்ல போட்டு ஆடுற ஆட்டத்துல நின்னு போவ வரலயாம். உப்பளத்துல போட்டு எங்க ஓடுதுக்கா?"

கூட்டாளிகள் பாட்டிலைத் திறந்தார்கள். அதற்கப்புறம் காலை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு அவர்கள் உட்கார்ந்திருந்த கோலத்தை அந்த வராண்டா மறக்காது. வயிற்றில் ஸ்கேன் பார்த்தார்கள். ஒரு புனல் வைத்த மெஷினில் போகச் சொன்னார்கள். எவ்வளவு வேகமாகப் போகிறது என்று அது காகிதத்தில் கோடு போடும். நல்லபடியாகப் போகிறவர்களுக்குக் கோடு குன்று மாதிரி எழும்புமாம். சக்கரபாணியின் கோடு அவர் உப்பளத்தைப் போலவே படுத்துக் கிடந்தது. போனபிறகு பையில் எவ்வளவு மிச்சம் என்று மறுபடியும் ஸ்கேன். ரத்தம் எடுத்தார்கள். டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டு ஒருக்களித்துப் படுக்கச் சொன்ன சங்கதியைச் சக்கரபாணி இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. நாமும் விட்டுவிடுவோம்.

மத்தியானம் ரத்த ரிப்போர்ட்டும் வந்தது. டாக்டர் முதலில் சக்கரபாணியை உள்ளே கூப்பிட்டார்.

"பயப்பட ஒண்ணுமில்லைங்க. மூத்திரப் பைக்குக் கீழ புராஸ்டேட்டுன்னு ஒரு சுரப்பி. வயசானா அது பெருசாகி, குழாயை நெருக்கும். ஒங்களுக்கு அந்தச் சாதாரண வீக்கந்தான். பார்த்த வரைக்கும் கேன்சருக்கு அறிகுறி எதுவும் இல்ல."

சக்கரபாணிக்கு மூச்சு வந்தது. "அறுக்கணுங்களா?"

"இப்போதைக்கு மாத்திரை போதும். அதுக்குக் கேக்கலைன்னா அப்புறம் மத்ததைப் பார்ப்போம். ஆரம்பத்துல தலை சுத்தலாம், எழுந்திருக்கறப்ப நிதானமா எழுந்திருங்க. தண்ணி ஒழுங்காக் குடிக்கறீங்களா?"

சக்கரபாணி வேட்டி மடிப்பைச் சரிசெய்தார்.

"உப்பளத்துல வேலை, தண்ணி குடிக்கறதில்லை. கல்லு வேற சேரணுமா? பகல்ல நல்லாக் குடிங்க. படுக்கப் போறப்ப குறைச்சிக்குங்க."

சுப்ராயனுக்கும் அதே மாத்திரைதான் எழுதிக் கொடுத்தார்கள்.

பஸ்ஸில் சக்கரபாணி மனைவியிடம் கெஞ்சாத குறையாகச் சொன்னார். "நடந்தது நடந்துபோச்சு. சம்பந்தி வீட்டுக்கு மட்டும் தெரியக் கூடாது."

"இனிமே நான் ஒரு வார்த்தை சொல்லல" என்றாள் விருத்தாம்பாள்.

மாத்திரை உடனே வேலை காட்டவில்லை. அப்புறம் ஒரு நாள் காலை, முள்ளுக்குப் பின்னால் நின்றவருக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. அந்தச் சத்தத்தைக் கேட்டு வருஷக்கணக்காகிறது. திரும்பி வரப்பில் நடந்தார். பாதி வழியில் மறுபடியும் கூப்பிடவில்லை. அளத்துக்கு வந்து பானைத் தண்ணீரை ஒரு சொம்பு மொண்டு, அண்ணாந்து குடித்தார்.

வைகாசி முகூர்த்தம். சக்கரபாணி வேண்டுமென்றே இரண்டு டம்ளர் மோர் குடித்துவிட்டு ஜமுக்காளத்தில் உட்கார்ந்தார். ஐயர் எழுதினார். எழுத்துப்பிழை கண்டுபிடித்து சிவப்பிரகாசம் திருத்தச் சொன்னார். மறுபடி எழுதினார். வாசித்தார். மைக் கெட்டுப்போய் மறுபடியும் வாசித்தார். சக்கரபாணி அசையவில்லை. தட்டு மாற்றினார்கள். இலக்கியா அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். இந்த உலகத்தில் தனக்கு மறைக்க ஒன்றுமே இல்லாததுபோல அவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

தாம்பூலத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சிவப்பிரகாசம் காதோரம் குனிந்தார்.

"மாத்திரை நல்லாக் கேக்குது போலிருக்கே சம்பந்தி. எனக்கும் அந்த டாக்டர்தான். பொண்ணு பார்க்க வந்த அன்னிக்கே நீங்க கொல்லைப்பக்கம் போயிப் போயி வந்ததைப் பார்த்து, சம்பந்தியம்மாகிட்ட அவர் பேரைச் சொன்னதே நான்தானே."